368 வரியில் 92: ஒரு முழங்கால் படத்தை மீட்டெடுத்த பதிவு

போன ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றே முக்காலுக்கு என் லேப்டாப் திரையில் ஒரு முழங்கால் முழுதாக வந்து நின்றது. எம்ஆர்ஐ இயந்திரம் அளந்த 368 வரிகளில் 276-ஐ நானே அழித்துவிட்டு, மிச்சமிருந்த 92-ஐ வைத்து மீட்ட படம். ஐந்து வாரம் பிடித்தது. அதில் ஒன்பது நாள் ஒரே ஒரு வரி நிரலுக்குப் போனது. அந்த ஒன்பது நாள் இன்னொருவருக்குப் போகவேண்டாம் என்றுதான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

ஆரம்பம் அம்மாவின் மூட்டுவலி. ஸ்கேன் எடுக்கும்போது குழாய்க்குள் பாதியில் காலை அசைத்துவிட்டார். "ஆடாம இருங்கம்மா, அதை இன்னொருக்கா எடுக்கணும்" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு, ஒரு படம் எடுக்க இவ்வளவு நேரம் எதற்கு என்ற கேள்வி அப்போதுதான் வந்தது.

எம்ஆர்ஐ இயந்திரம் கேமரா மாதிரி படம் பிடிப்பதில்லை. கே-ஸ்பேஸ் என்ற ஒரு கட்டத்தை வரி வரியாக நிரப்புகிறது. அதன் ஒரு வரி படத்தில் ஒரு வரி அல்ல. ஒவ்வொரு வரியும் படம் முழுவதிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது. நடு வரிகளில் வெளிச்சமும் இருட்டும், ஓர வரிகளில் விளிம்புகளும் நுணுக்கங்களும் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்தபின் ஃபூரியே மாற்றத்தை (படத்தை அலைகளாகப் பிரிக்கும் கணக்கு) திருப்பிப் போட்டால் படம். நான் பயன்படுத்திய தரவில் ஒரு சுற்றுக்கு 2.2 முதல் 3 விநாடி, சுற்றுக்கு நான்கு வரி. 368 வரிக்கு 92 சுற்று. சுற்றுக்கு இரண்டரை விநாடி என்று வைத்தால் 230 விநாடி, கிட்டத்தட்ட நான்கு நிமிடம். இப்படி நான்கைந்து வகைப் படம் எடுக்கவேண்டும். கால்வாசி வரி போதும் என்றால் ஒரு வகை ஒரு நிமிடத்துக்குள் முடியும். விட்ட வரிகளை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் சிக்கல்.

கையில் இருந்தது ஆறு வருடப் பழைய லேப்டாப். 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. மென்பொருள் எல்லாம் இலவசம்: பைத்தான், நம்பை, ஹெச்5 கோப்பைத் திறக்க ஒரு நூலகம், வேவ்லெட்டுக்கு (படத்தைப் பெரிய அம்சம், நுண்ணிய அம்சம் என்று நிலை நிலையாகப் பிரிக்கும் கணக்கு) பைவேவ்லெட்ஸ். செலவு என்று பார்த்தால் வெளி ஹார்டு டிஸ்க் 4,300 ரூபாய், தரவிறக்கத்துக்காக அந்த மாதம் மாற்றிய இணையத் திட்டம் 300 ரூபாய் கூடுதல். அவ்வளவுதான்.

முதல் வாரம் வெட்டியாகப் போனது, ஆனால் அது தெரியாமல் சந்தோஷமாகப் போனது. அம்மாவின் ஸ்கேன் சிடியில் இருந்த டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வகை) படம் ஒன்றை எடுத்தேன். அதற்கு எஃப்எஃப்டி, அதாவது கணினி வேகமாகப் போடும் ஃபூரியே மாற்றம், போட்டு, "இதுதான் கே-ஸ்பேஸ்" என்று நானே பெயர் வைத்து, முக்கால்வாசி வரிகளை அழித்து மீட்டுப் பார்த்தேன். அசலுக்கும் மீட்டதற்கும் உள்ள நெருக்கத்தைச் சொல்லும் பிஎஸ்என்ஆர் அளவு 38 டெசிபல் வந்தது. ஒரு வாரத்தில் உலகத்தை வென்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

இட்லியைப் பிட்டுப் போட்டுவிட்டு அதை மாவு என்று சொல்வது போன்ற காரியம் அது. சிடிக்கு வரும் படம் ஏற்கெனவே வெந்தது. அளந்ததைவிடப் பெரிய அளவுக்கு இயந்திரமே படத்தை நீட்டிக் கொடுத்திருந்தது. அதன் எஃப்எஃப்டியை லாக் அளவில் வரைந்து பார்த்தபோது நடுவில் ஒரு சதுரம் வெளிச்சம், சுற்றிலும் கரி இருட்டு. ஓரத்தில் ஒன்றுமே இல்லாத வரிகளை அழித்துவிட்டு "மீட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன். போதாக்குறைக்கு டைகாம் படத்தில் வெறும் பிரகாச அளவுதான் இருக்கிறது. அசல் தரவில் ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள கோணம் அழிந்துவிட்டது. கோணமே இல்லாத படத்தின் கே-ஸ்பேஸில் ஒரு பாதி இன்னொரு பாதியின் கண்ணாடிப் பிம்பம். இல்லாத வரியில் பாதியை நிரலே இலவசமாகப் பெற்றுக்கொள்ளும். இது என் ஒருவனுடைய அறியாமை இல்லை என்பது பிறகு தெரிந்தது. எஃப்ராத் ஷிம்ரோன், மைக்கேல் லஸ்டிக் முதலியோர் 2022-ல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதி, "தரவுக் குற்றங்கள்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குற்றவாளிகள் பட்டியலில் நானும் சேர்ந்தேன்.

சரி, அசல் மாவு வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவும் ஃபேஸ்புக்கின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்குழுவும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஃபாஸ்ட்எம்ஆர்ஐ தொகுப்பில் முழங்கால்களின் கச்சாத் தரவு இருக்கிறது. ஒரு படிவம் நிரப்பினால் இறக்கிக்கொள்ளலாம். ஆய்வுக்கும் படிப்புக்கும் மட்டும். சுருள் என்பது உடலிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் ஆன்டெனா. ஒற்றைச் சுருள் பிரிவில் ஒரு கோப்பைத் திறந்தேன்: 36 துண்டு (காலின் குறுக்குவெட்டுப் படங்கள்), ஒவ்வொன்றும் 640-க்கு 368, எல்லாம் கலப்பெண்கள். கே-ஸ்பேஸ் மட்டும் சுமார் 68 எம்பி. (உண்மையில் அளந்தது 15 சுருள்; அவற்றைக் கணக்கால் ஒன்றாக்கித்தான் இந்த ஒற்றைச் சுருள் தரவைத் தருகிறார்கள்.) முழுத் தரவையும் மாற்றிப் பார்த்ததும் தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு, முன்பக்கத் துண்டுகளில் சின்னதாக முட்டிச்சில். யாரோ ஒரு நியூயார்க்காரரின் முட்டி.

எந்த வரிகளை அழிப்பது என்பதில் முதலில் சோம்பேறித்தனம் செய்தேன். நான்குக்கு ஒன்று என்று ஒழுங்காக விட்டேன். திரையில் நான்கு முழங்கால்கள், 92 புள்ளிக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. ஒன்றின் ஓரம் இன்னொன்றின் தொடை எலும்பு நடுவில். எது அசல், எது பேய் என்று பிரிக்க வழியே இல்லை. நான்கும் சம வெளிச்சம். பல சுருள்கள் இருந்தால் ஒவ்வொரு சுருளும் காலை ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்ப்பதால் பிரித்துவிடலாம். 1999-ல் சூரிக்கில் வந்த சென்ஸ், 2002-ல் வந்த கிராப்பா என்ற முறைகள் எல்லாம் அப்படித்தான் வேலை செய்கின்றன. என்னிடம் ஒரு சுருள்தான்.

அதனால் லஸ்டிக், டோனஹோ, பாலி ஆகியோர் 2007-ல் காட்டிய வழிக்குப் போனேன். வரிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பது. நடுவில் 29 வரியை அப்படியே வைத்தேன், அது மொத்தத்தில் 8 சதவீதம். மீதி 63 வரியை ஓரங்களிலிருந்து கண்டபடி பொறுக்கினேன். மொத்தம் 92. இப்போது பேய் முழங்கால்கள் இல்லை. அவை உடைந்து படம் முழுக்கத் தூசி மாதிரி பரவிவிட்டன. படம் மங்கலாக, குறுக்கே பரபரவென்று இருந்தது. ஆனால் தூசியைத் தட்டமுடியும், பேயை ஓட்டமுடியாது.

தட்டும் முறை இதுதான். விட்ட வரிகளில் பூஜ்யம் போட்டு ஒரு படம் செய்துகொள்ள வேண்டும். அதை வேவ்லெட்டாக மாற்றினால் முழங்கால் சில பெரிய எண்களிலும், தூசி ஏராளமான சின்ன எண்களிலும் போய் உட்காரும். ஒரு வெட்டும் அளவு வைத்து அதற்குக் கீழே உள்ளதைப் பூஜ்யமாக்கி, மேலே உள்ளதிலும் அந்த அளவைக் கழித்துவிட்டு, படமாகத் திருப்பி, அதிலிருந்து கே-ஸ்பேஸுக்குப் போய், அளந்த 92 வரிகளை மட்டும் பழையபடி அசல் மதிப்பால் மூட வேண்டும். மற்ற 276 வரிகளில் இப்போது பூஜ்யத்துக்குப் பதில் ஏதோ ஒரு ஊகம் இருக்கும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. 150 சுற்று. வேவ்லெட் டிபி4, நான்கு நிலை. 368-ஐ நான்கு தடவை பாதியாக்கினால் 23 வந்து நின்றுவிடுகிறது, அதற்குமேல் போக நான் முயலவில்லை.

நிரல் 40 வரிகூட இல்லை. ஓடவிட்டேன். திரை முழுக் கறுப்பு.

இது ஒரு மணி நேரத்தில் பிடிபட்டது. வெட்டும் அளவை 0.01 என்று வைத்திருந்தேன். இந்தத் தரவில் படத்தின் மதிப்புகளே பத்தாயிரத்தில் சில பங்குதான். முழங்காலையும் சேர்த்துத் துடைத்துப் போட்டிருக்கிறது. முதல் படத்தின் உச்ச மதிப்பால் எல்லாவற்றையும் வகுத்து, உச்சம் 1 என்று ஆக்கிக்கொண்டேன். எஃப்எஃப்டியில் 'ஆர்த்தோ' என்ற விருப்பத்தையும் போட்டேன். இல்லாவிட்டால் போகும்போது ஒரு அளவு, வரும்போது ஒரு அளவு என்று எண்கள் ஏறி இறங்கும்.

அதன்பிறகு படம் வந்தது. ஆனால் பூஜ்யம் போட்ட படத்தைவிட மோசமாக வந்தது. அதற்கு 29.1 டெசிபல் என்றால் 150 சுற்றுக்குப் பின் 27.8. வெட்டும் அளவைக் குறைத்தால் ஒன்றும் மாறவில்லை, கூட்டினால் முழங்கால் கரைந்தது. அந்த ஒன்பது நாள் இங்கேதான் ஆரம்பம். வேவ்லெட்டை மாற்றினேன். சுற்றை 500 ஆக்கினேன். வேறு முழங்கால் எடுத்தேன். வேகப்படுத்திய ஃபிஸ்டா முறைக்கு மாறினேன். அதே தப்பு இன்னும் வேகமாக வந்தது. ஒரு கட்டத்தில், அசல் தரவில் இந்த முறை வேலை செய்யாது போலிருக்கிறது என்றுகூட நண்பனிடம் சொல்லிவிட்டேன். இத்தனை பேர் பதினைந்து வருடத்துக்கும் மேலாகச் செய்கிற வேலையைப் பற்றி.

பத்தாவது நாள், வேறு எதற்கோ படத்தின் நடுவிலிருந்து எட்டுக்கு எட்டுப் புள்ளியை எண்ணாக அச்சிட்டுப் பார்த்தேன். வெளிச்ச அளவை அல்ல, கலப்பெண்ணின் மெய்ப் பகுதியை. ஒரு வரிசை இப்படி இருந்தது: 0.31, -0.33, 0.30, -0.34, 0.32, -0.31. அடுத்த வரிசை கழித்தல் குறியில் தொடங்கியது. கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என்று சதுரங்கப் பலகை மாதிரி. முழங்கால் எலும்பு நடுவில் புள்ளிக்குப் புள்ளி குறி மாறுவதற்கு எந்த உடற்கூற்றுக் காரணமும் கிடையாது.

விஷயம் இதுதான். கோப்பில் கே-ஸ்பேஸின் மையம் கட்டத்தின் நடுவில் இருக்கிறது. நம்பையின் ஐஎஃப்எஃப்டி2 (ஃபூரியே மாற்றத்தைத் திருப்பிப் போடும் கட்டளை) மையம் மூலையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. நான் மாற்றத்துக்குப் பின்னால் ஷிஃப்ட் (மையத்தை மூலைக்கும் நடுவுக்கும் நகர்த்தும் கட்டளை) போட்டிருந்தேன், முன்னால் போடவில்லை. முன்னால் போடாவிட்டால் படம் இடம் மாறாது, ஒவ்வொரு அடுத்த புள்ளிக்கும் குறி மட்டும் மாறும். நாம் திரையில் பார்ப்பது அளவை மட்டும். குறி அதில் தெரியாது. படம் சுத்தமாகத் தெரியும். திரும்பிப் போகும் எஃப்எஃப்டியிலும் அதே தப்பு செய்திருந்ததால் போகவர எல்லாம் சரியாகப் பொருந்தி, பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. ஆனால் வேவ்லெட்டுக்கு அது முழங்கால் இல்லை. உச்சபட்ச அதிர்வில் நடுங்கும் ஒரு பலகை. முழங்கால் மொத்தமும் மிக நுண்ணிய நிலையில் போய்ச் சிதறி உட்கார, பெரிய எண், சின்ன எண் என்ற வித்தியாசமே இல்லை. நான் தூசி என்று தட்டிக்கொண்டிருந்தது முட்டியை.

திருத்தம் ஒரு வரி: முதலில் ஐஎஃப்எஃப்டிஷிஃப்ட், பிறகு ஐஎஃப்எஃப்டி2, பிறகு எஃப்எஃப்டிஷிஃப்ட். திரும்பும்போதும் அதே வரிசை. மறுபடி ஓடவிட்டேன்: 30.6 டெசிபல். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை ஓட்டினேன், அப்போதும் ஏறித்தான் இருந்தது.

இன்னொரு தடவை ஓட்டியதில் வேறொரு பூதம் கிளம்பியது. ஒன்றுமே மாற்றாமல் 30.9 வந்தது. அடுத்த தடவை 30.5. சீட்டுக் குலுக்கலுக்கு விதை எண்ணை (ஒவ்வொரு தடவையும் அதே சீட்டுகள் வரவைக்கும் எண்) நிறுத்தி வைக்கவில்லை, ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு 63 வரி. அதற்கு முந்தைய வாரம் "0.3 டெசிபல் முன்னேற்றம்" என்று நோட்டில் எழுதிவைத்த இரண்டு குறிப்புகளை அடித்துவிட்டேன். விதை எண் 42. எல்லோரும் வைப்பதுதான்.

படத்தை உற்றுப் பார்த்தால் எலும்பின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன, மட்டமான வீடியோவில் தெரிவதைப் போல. வேவ்லெட் எப்போதும் ஒரே இடத்தில் கட்டம் கட்டுவதால் அதன் தழும்பு. இதற்கு 1995-லேயே காய்ஃப்மனும் அதே டோனஹோவும் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். அதை என் நிரலுக்கு ஏற்றபடி வைத்தேன்: ஒவ்வொரு சுற்றிலும் வெட்டுவதற்கு முன் படத்தை ஏதோ சில புள்ளி பக்கவாட்டிலும் மேலும் கீழும் தள்ளிவிட்டு, வெட்டி முடித்ததும் அதே அளவு திருப்பித் தள்ளுவது. கட்டங்கள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கூடுதல் நிரல் இரண்டு வரி. 31.4 டெசிபல். இந்த மொத்த வேலையில் உழைப்புக்கு அதிகமாகக் கூலி கிடைத்த இடம் இதுதான். ஒரு துண்டுக்கு 22 விநாடி, 36 துண்டும் சுமார் 13 நிமிடம். ஓடும்போது லேப்டாப்பில் தோசை சுடலாம்.

ஒரு எச்சரிக்கை: டெசிபல்களை நடுவிலுள்ள 320-க்கு 320 சதுரத்தில் மட்டும் கணக்கிட்டிருக்கிறேன். முதலில் முழுப் பரப்புக்கும் போட்டேன். ஓரத்து இருட்டில் பிழையும் சின்னது என்பதால் இரண்டு டெசிபல் சும்மா ஏறியது.

மேலே சொன்னதெல்லாம் கொழுப்பைத் தணிக்காமல் எடுத்த வகை. கொழுப்பின் சமிக்ஞையை அமுக்கி எடுக்கும் வகையில் படமே இரைச்சலாக இருக்கும். அதில் 27.2-லிருந்து 27.6-க்குத்தான் ஏறியது. இரைச்சலும் தூசியும் ஒரே சைஸ்; வெட்டுக்கத்திக்கு வித்தியாசம் தெரியாது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

எட்டில் ஒரு பங்கு, அதாவது 46 வரி, வைத்தும் பார்த்தேன். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. பதினெட்டாவது துண்டில், தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே குருத்தெலும்பில் ஒரு மெல்லிய கருங்கோடு உண்டு, இரண்டு புள்ளி அகலம். ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் என்பதால் மொத்தம் ஒரு மில்லிமீட்டர். அது கிழிசலா, இயல்பான மடிப்பா என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. 92 வரியில் அது மங்கலாகவாவது இருந்தது. 46 வரியில் இல்லை. அந்த இடத்தில் ஓட்டையோ கறையோ இருந்தால் சந்தேகமாவது வரும். வெண்ணெய் தடவியதுபோல வழுவழுவென்று ஒரு குருத்தெலும்பு இருந்தது. அந்தத் துண்டிலும் பூஜ்யம் போட்ட படத்தைவிட டெசிபல் கூடத்தான் செய்தது. கோடு காணாமல் போனதைப் பற்றி எண் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அசலையும் 46 வரிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது இயந்திரம் எடுத்தது என்று அம்மாவிடம் கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்துவிட்டு மீட்ட படத்தின் மேல் விரலை வைத்தார். "இதான் கண்ணு, பளிச்சுன்னு இருக்குது."

மறுபடி செய்தால் சிடி பக்கமே போகமாட்டேன். முதல் நாளே கச்சாத் தரவு. எஃப்எஃப்டியை எழுதியதும், மீட்பதைத் தொடங்குமுன், நடுவில் எட்டுக்கு எட்டுப் புள்ளியைக் குறியோடு அச்சிட்டுப் பார்ப்பேன். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. வெட்டும் அளவை ஒரு முழங்காலில் முடிவு செய்துவிட்டு, எண்ணை வேறு முழங்காலில் எடுப்பேன். இந்தத் தடவை இரண்டையும் ஒரே காலில் செய்துவிட்டேன், ஆகவே 31.4 என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள். டெசிபலோடு சேர்த்து, அசலிலிருந்து மீட்டதைக் கழித்த படத்தையும் ஒவ்வொரு தடவையும் சேமிப்பேன். கோடு எங்கே போனது என்று காட்டிக்கொடுத்தது அதுதான்.

அடுத்தது 15 சுருள் தரவு. ஒரு முழங்காலுக்கே ஒரு ஜிபி வருகிறது. பத்துக் கோப்பு போதும் என்று நினைத்தேன். ஆனால் தனித்தனியாகத் தரமாட்டார்கள், மொத்த மூட்டையாகத்தான் தருகிறார்கள். நேற்று இரவு மின்சாரம் போய் இறக்கம் பாதியில் அறுந்தது. இன்று விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறது.